ஆனைக் கம்பியில் படகுப் பலகை

3 ஜூன் 2009, புதன்

படகு ஸ்டிக்கர் போட்ட பலகை ஒரு லோடு இறங்கியது. மரநாரை அரைத்து அழுத்திச் செய்த பலகை; எட்டடிக்கு நாலடி, பதினெட்டு மில்லி கனம். பத்து மணிக்குத் தொடங்கி இரண்டு மணிக்கு முடித்தோம். மூலை உடைந்தவை மூன்று. நனைந்தது எதுவும் இல்லை.

இதை எழுதும் கை என்னுடையது அல்ல, என் பெண்டாட்டி வேண்டாவுடையது. எனக்கு எழுத்து தெரியாது. உலகநாதன் என்று எங்களுக்கு ஒரு கிளியரிங் ஏஜென்ட். ஹார்பரில் எங்கள் கன்டெய்னர்களுக்குக் கஸ்டம்ஸ் பேப்பர் போட்டு வெளியே எடுத்துத் தருபவர். போன வாரம் செங்கல்பட்டு குடோனுக்கு வந்தவர், "இனிமே எந்தச் சரக்கு எந்தத் தேதியில வந்துச்சு, எங்க போச்சுன்னு குடோன்ல ஒரு நோட்டு இருக்கணும் பாய். புது டூட்டி வந்துட்டுது. எப்ப வேணா கேப்பாங்க" என்றார். முதலாளி சௌகத் அலி பாய் அப்போதே மேஜையிலிருந்த டைரியை எடுத்து என் கையில் வைத்துவிட்டார்.

"உனக்குத்தான் எல்லாம் மனப்பாடமா கீதே அண்ணாத்த. வூட்ல அண்ணி கிட்ட சொல்லு, எழுதட்டும்."

வேண்டா எட்டாவது படித்தவள். நான் பேசுகிறபடி எழுத மாட்டாளாம். "நீ பேசற மாதிரி எழுதினா ஆபீசருங்க சிரிப்பாங்கய்யா" என்று புத்தகத்தில் இருப்பது போல எழுதுகிறாள். எழுதட்டும். ஆனால் சரக்கைப் பற்றி மட்டும்தான்.

4 ஜூன்

லோடு இல்லை. நேற்று எழுதியதை வேண்டா படித்துக் காட்டினாள். நான் சொன்னது ஒரு ராத்திரி தாண்டியும் அப்படியே இருக்கிறது! மூலை உடைந்தவை மூன்று என்பது வரை. எழுபத்தொரு வயதில் எனக்கு உடம்பு சிலிர்த்தது. இன்னொரு தடவை படி என்றேன். அடுப்பில் குழம்பு இருக்கிறது, போய்யா என்றாள்.

9 ஜூன்

வேண்டா கேட்கிறாள்: பதினாலு வருடம் நோட்டு இல்லாமல்தானே ஓட்டினாய், இப்போது மட்டும் என்ன?

நோட்டு இல்லை என்று யார் சொன்னது? என் நோட்டு குடோன் சுவரில் ஆணியில் தொங்குகிறது. எழுது.

ஒவ்வொரு லோடு வந்ததும் ஒரு பலகையின் ஓரத்தில் ஒரு சாண் நீளத்துக்குத் துண்டு அறுப்பேன். அதன் ஒரு முனையை மறுநாள் வரை தண்ணீர் டப்பாவில் நிறுத்தி வைப்பேன். எவ்வளவு ஊதுகிறது, ஓரத்தில் என்ன நிறம் வருகிறது, என்ன வாசனை அடிக்கிறது என்று பார்ப்பேன். பிறகு ஓட்டை போட்டுக் கம்பியில் கோத்துவிடுவேன். 1995-இல் முதல் கன்டெய்னர் வந்ததிலிருந்து ஒரு லோடைக்கூட விட்டதில்லை. பலகை ஊதிவிட்டது என்று எந்த ஆசாரி சண்டைக்கு வந்தாலும் துண்டைக் காட்டுவேன். "இது பலகையோட தப்பா, நீ மழையில வச்ச தப்பா, நீயே சொல்லு" என்பேன். வாயை மூடிக்கொண்டு போய்விடுவான்.

நாட்டின் பெயரெல்லாம் எனக்கு வாயில் நுழையாது. ஸ்டிக்கரில் என்ன படமோ அதுதான் எனக்கு அடையாளம். ஆனைக்கு மூன்று கம்பி. கிளிக்கு ஒன்று. நட்சத்திரத்துக்கு ஒன்று. மொத்தம் ஐந்து கம்பி.

புது டூட்டி என்றால் என்ன என்று உலகநாதன் எனக்கு விளக்கினார். ஆனை நாட்டுப் பலகை இங்கே மிக மலிவாக வந்து விழுகிறதாம். அப்படியே விட்டால் நம் ஊரில் பலகை செய்கிறவர்கள் கடையை மூட வேண்டியதுதானாம். அதனால் சர்க்கார் அந்த மாதிரிச் சில நாட்டுப் பலகைக்கு மட்டும் மேல்டூட்டி போட்டிருக்கிறது. படகு நாட்டுக்கு அது கிடையாது. அதனால்தான் பாய் இப்போது ஆனையை விட்டுவிட்டுப் படகு வாங்குகிறார். அதே வெளிநாட்டு ஏஜென்ட், ஆனால் வேறு நாடு.

22 ஜூன்

அச்சரப்பாக்கம் ஆசாரி டெம்போவோடு வந்தார். ஆனை இல்லையா என்றார். "படகு எடுத்துக்கோ, ரெண்டும் ஒண்ணுதான்" என்றேன். ஓரத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, "ஆமா, அதேதான்" என்று நாற்பது ஷீட் ஏற்றிக்கொண்டு போனார்.

7 ஜூலை, செவ்வாய்

இன்று நடந்ததை எங்கிருந்து தொடங்குவது? வேண்டா, மெதுவாக எழுது, நான் வேகமாகச் சொல்லிவிடுவேன்.

கஸ்டம்ஸிலிருந்து பாய்க்குக் கடிதம் வந்திருக்கிறது. மேல்டூட்டி போட்டதிலிருந்து படகு நாட்டுப் பலகை திடீரென்று குவிகிறதாம். ஆனைப் பலகைக்குப் படகு ஸ்டிக்கர் ஒட்டி அனுப்புகிறார்களோ என்று சந்தேகமாம். ஹார்பரில் நிற்கும் எங்கள் இரண்டு கன்டெய்னர்களையும் நிறுத்திவிட்டார்கள். இதுவரை படகு என்று வந்த ஐந்து லோடுக்கும் சாம்பிள் காட்ட வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள்.

சாம்பிளுக்கு எங்கே போவது? வந்ததெல்லாம் விற்றாகிவிட்டது. நிற்கும் இரண்டு கன்டெய்னரும் நாவலூரில் ஒரு கம்ப்யூட்டர் ஆபீசுக்கு மேஜை போட வேண்டிய பலகை. ஆகஸ்ட் பாதிக்குள் கொடுக்காவிட்டால் ஆர்டர் போய்விடும். பாய் நாற்காலியில் உட்காரவில்லை, நின்றுகொண்டே இருந்தார்.

"திருட்டுச் சரக்குன்னு முடிவு கட்டிட்டா லைசென்சு போய்டும் பாய்" என்றார் உலகநாதன். "நம்ம கிட்ட பேப்பர் எல்லாம் சரியா கீது. ஆனா பலகையை எங்கன்னு கேட்டா இன்னா சொல்றது?"

பாய் என் பக்கம் திரும்பினார். திரும்பியவர் அப்படியே என் தோளைப் பிடித்துக் குலுக்கினார்.

"யோவ் உலகநாதன்! பலகை எங்க போச்சுன்னா கேக்கற? தோ, நிக்குது பாரு! ஒரு லோடு விடாம அறுத்துத் தொங்க விட்டுகினு கீறான்யா எங்க அண்ணாத்த!"

உலகநாதனுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் என் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். எவ்வளவு பெரிய மனிதர்! "நாளைக்குக் காலையில வர்றேன் பெரியவரே. கம்பியைத் தொடாம வையுங்க" என்றார்.

பஸ்ஸில் திருக்கழுக்குன்றம் தாண்டி மாமல்லபுரம் வரை நின்றுகொண்டேதான் வந்தேன். உட்கார இடம் இருந்தது. உட்காரத் தோன்றவில்லை. என் கம்பி கஸ்டம் ஹவுஸுக்குப் போகப் போகிறது!

8 ஜூலை

எழுத வேண்டாம் என்றேன். "நேத்து அவ்ளோ எழுத வச்சியே, இன்னிக்கு இன்னா?" என்கிறாள்.

சரி. எழுது.

துடைத்த மேஜையில் ஐந்து கம்பியையும் வரிசையாக வைத்தேன். பாய் எல்லோருக்கும் டீ சொன்னார். உலகநாதன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார்.

"இதுல படகுக் கம்பி எது பெரியவரே?"

"படகுக்குத் தனிக் கம்பி கெடையாதுங்களே."

"அப்ப படகு லோடு துண்டெல்லாம்?"

"ஆனைக் கம்பிலதான் கீது. மூணாவது கம்பி, கடைசி அஞ்சு."

"ஏன் அதுல போட்டீங்க?"

"ரெண்டும் ஒரே பலகைங்க. வேற எதுல போடறது?"

பாயின் டீ கிளாஸ் உதட்டருகே நின்றுவிட்டது. உலகநாதன் பலகை அடுக்கின் மேல் மெல்ல உட்கார்ந்தார். எனக்கும் அப்போதுதான் உறைத்தது. நான் என்ன சொல்லிவிட்டேன்!

"ஒரே பலகைன்னு உனக்குத் தெரியுமா?" என்று பாய் கேட்டார். குரல் சன்னமாக இருந்தது.

"மொதல் லோடுலயே தெரியும் பாய். நனைச்சா அதே புளிச்ச மோர் வாசனை. ஓரத்துல அதே எள்ளு தூவுன மாதிரி கறுப்புப் புள்ளி."

"ஏன்டா சொல்லல?"

பாய் என்னை 'டா' போட்டது முப்பத்தைந்து வருடத்தில் இதுதான் முதல் தடவை.

"நீங்க கேக்கலியே. சோப்புக்காரன் கவரை மாத்தறான் இல்ல? அந்த மாதிரி கம்பெனிக்காரன் படத்தை மாத்திட்டான்னு நெனைச்சேன். நாடு மாறினா பலகையும் மாறணும்னு எனக்கு எப்டித் தெரியும் பாய்?"

பாய் எழுந்து வெளியே போய் லாரி நிற்கும் இடத்தில் நின்றார். உலகநாதன் என்னைத் திட்டக்கூட இல்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடி கழற்றித் துடைத்தார்.

9 ஜூலை

குடோனுக்குப் போகவில்லை. பதினாலு வருடம் ஒழுங்காகக் கோத்தது குற்றமா? தெரியவில்லை.

10 ஜூலை, வெள்ளி

ஜும்மா தொழுகை முடித்து பாய் எங்கள் வூட்டுக்கே வந்துவிட்டார். என் மகள் கல்யாணத்துக்கு வந்ததற்கு அப்புறம் இப்போதுதான் வருகிறார். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். வேண்டா டீ கொடுத்தாள். ஆறும்வரை கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு ஒரே மடக்கில் குடித்தார்.

"அண்ணாத்த, முந்தாநேத்து சத்தமாப் பேசிட்டேன். மனசுல வச்சுக்காத."

"நீங்க சத்தமே போடலியே பாய்."

"கேளு. அந்த அஞ்சு துண்டையும் உருவு. ஒரு புதுக் கம்பி எடு. அதுல கோத்துடு. இதான் படகுக் கம்பின்னு நாலு வார்த்தை சொல்லிட்டா போதும். அவனுங்களுக்கு இன்னா தெரியப் போவுது? நான் என்ன திருடினேனா? அந்த ஏஜென்ட் என்னை ஏமாத்திட்டான். அதுக்கு நான் ஏன் சாவணும்?"

நியாயம்தானே? எனக்கு அது நியாயமாகத்தான் பட்டது. பாயின் அப்பா காலத்திலிருந்து நான் சாப்பிடும் சோறு அவர்களுடையது. ஆனால் என் வாயிலிருந்து வந்தது வேறு.

"பாய், நான் பொய் சொல்லணுமா? சொல்லுங்க, எவன் கேட்டாலும் சொல்றேன். சாமி மேல வேணா சத்தியம் பண்றேன். ஆனா கம்பில தப்பாக் கோக்க மட்டும் சொல்லாதீங்க. என்னால ஆவாது."

பாய் என்னை உற்றுப் பார்த்தார். வேண்டாவைப் பார்த்தார். பிறகு சிரித்துவிட்டார். சிரிப்பு முடியும்போது கண் கலங்கியிருந்தது.

"பொய் சொல்வானாம். கோக்க மாட்டானாம். இவனை வச்சுகினு நான் இன்னா பேஜாரு படறேன் பாருங்க அண்ணி."

"நாப்பத்தி ஆறு வருசமா நானும் அதான் படறேன்" என்றாள் வேண்டா.

இதை ஏன்டி எழுதுகிறாய்? எழுதாதே என்றால் கேட்கிறாளா!

11 ஜூலை

குடோனில் கட்டிங் பிளேயரைக் கையில் எடுத்தேன். மூன்றாவது கம்பியின் முடிச்சு வரை கொண்டுபோனேன். வைத்துவிட்டேன்.

13 ஜூலை, திங்கள்

பாய் வந்தார். உலகநாதனும் கூடவே.

"நாமே போய் உள்ளதைச் சொல்லி, விட்டுப்போன டூட்டியைக் கட்டினா அது ஒரு கதை. அவங்க வந்து கண்டுபிடிச்சா அது வேற கதை" என்றார் உலகநாதன். "ரெண்டுல ஒண்ணு இன்னிக்கே முடிவு பண்ணணும் பாய்."

பாய் என்னிடம் சொன்னார்: "நான் ஏமாந்தவனா, ஏமாத்தினவனா? இதுதான் கேள்வின்றாரு அண்ணாத்த. ஏமாந்தவனாவே இருந்துட்டுப் போறேன். நாளைக்குக் காலையில வெள்ளைச் சட்டை போட்டுகினு வா. கம்பியை எடுத்துக்கோ."

"எத்தினி கம்பி பாய்?"

"ஆனை மூணும்."

வேண்டா சட்டையைக் கஞ்சி போட்டுக் காய வைத்திருக்கிறாள். எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பயமா? இல்லை. திருவிழாவுக்கு முந்தின நாள் மாதிரி இருக்கிறது. வெட்கமாக இருக்கிறது, ஆனால் அப்படித்தான் இருக்கிறது.

14 ஜூலை, செவ்வாய்

வேண்டா, புதுப் பேனா எடு.

இத்தனை வருடம் கன்டெய்னர் இறக்கியிருக்கிறேன், அது எங்கிருந்து வருகிறது என்று இன்றுதான் பார்த்தேன். கப்பல்! மாமல்லபுரத்துக் கடலில் நான் பார்ப்பதெல்லாம் கட்டுமரமும் மீன்பிடி போட்டும். இது தெருவையே நிமிர்த்தி நிறுத்தினது போல இருக்கிறது. பாய் காருக்குள்ளிருந்து, "வாயை மூடு அண்ணாத்த, ஈ பூந்துடப் போவுது" என்றார்.

ஆபீசர் ஒரு அம்மா. நாற்பது வயதிருக்கும். கண்ணாடி. சிரிக்காத முகம். உலகநாதன் எல்லாவற்றையும் சொன்னார். அந்த அம்மா கடைசிவரை கேட்டுவிட்டு என்னைப் பார்த்தார்.

"நீங்க வாசனையை வச்சு நாடு சொல்வீங்களாமே?"

"நாடு தெரியாதும்மா. பலகை தெரியும்."

"எந்தத் துண்டு எப்ப வந்துச்சுன்னு எழுதி வச்சிருக்கீங்களா?"

"எழுதத் தெரியாதும்மா. கேளுங்க, சொல்றேன்."

உலகநாதன் கொண்டுவந்திருந்த பழைய பைல் கட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார் அந்த அம்மா. எனக்குக் காட்டாமல் திறந்தார். முதல் கம்பியின் முதல் துண்டைத் தொட்டார்.

"இது?"

"தொண்ணூத்தி அஞ்சு. ஆடிப்பெருக்கு போய் மூணாம் நாள் குடோனுக்கு வந்துது."

அவர் பைலைப் பார்த்தார். "ஆகஸ்ட் அஞ்சாம் தேதி ஹார்பர்ல இருந்து விட்டிருக்காங்க. மறுநாள் உங்க குடோன். ம்ம். இது?"

"ரெண்டாயிரத்துல. தீபாவளிக்கு முந்தின வாரம். டிரைவர் லாரியை ஏரிக்கரை திருப்பத்துல எறக்கிட்டான். நாலு பேலட் அடுக்கு சாஞ்சுது."

"சரி. இது?"

அந்தத் துண்டைக் கையில் வாங்கியதும் எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

"சுனாமி வந்து பத்து நாள் கழிச்சு வந்த லோடும்மா. எறக்க ஆளே இல்லை. பாதிப் பேரு வூடு போய்டுச்சு, மீதிப் பேரு ஆளைத் தேடிகினு கீறாங்க. பாயும் நானும் ரெண்டே பேரா ஒவ்வொரு ஷீட்டா எறக்கினோம். சாயங்காலம் பாய் கையெல்லாம் ரத்தம்."

"ஜனவரி அஞ்சு, ரெண்டாயிரத்து அஞ்சு" என்று அந்த அம்மா பைலிலிருந்து படித்தார். பாய் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

இப்படிப் பதினொன்று கேட்டார். பதினொன்றும் சரி! பக்கத்து மேஜைக்காரர்கள் நாற்காலியோடு வந்துவிட்டார்கள். ஒருத்தர், "பெரியவரே, என் கல்யாண நாளை நீங்க ஞாபகம் வச்சுக்கங்க, நான் மறந்து மறந்து அடி வாங்கறேன்" என்றார். அந்த அம்மா அவரை ஒரு பார்வை பார்த்தார். அவர் நாற்காலியோடு போய்விட்டார்.

அப்புறம்தான் சோதனை. மூன்றாவது கம்பியை அவிழ்க்கச் சொன்னார். பழைய ஆனை ஏழு, படகு என்று வந்த ஐந்து, ஆகப் பன்னிரண்டு துண்டு. என்னைச் சுவர் பக்கம் திரும்பி நிற்கச் சொல்லிவிட்டு, பின்பக்கம் பென்சிலால் நம்பர் போட்டுக் கலைத்துவிட்டார்.

"இப்ப படகு எதெதுன்னு பிரிச்சு வையுங்க."

நான் ஒரு டம்ளர் தண்ணீர் கேட்டேன். குடிக்க என்று நினைத்து பிஸ்லேரி கொடுத்தார்கள். ஊதாமல் இருக்கும் முனையை ஒவ்வொன்றாக நனைத்தேன், காத்திருந்தேன், முகர்ந்தேன். புளிச்ச மோர். புளிச்ச மோர். புளிச்ச மோர். ஒவ்வொன்றாக ஒரே பக்கம் வைத்தேன். அந்த அம்மாவின் பேனா என் கையோடு நகர்ந்துகொண்டே வந்தது. பத்தாவது துண்டை மூக்கருகே கொண்டுபோனதும் நின்றுவிட்டேன்.

எனக்குத் தெரியும், ஒரு நிமிடம் மறந்திருந்தேன்! மறந்திருந்தேனா, மறக்க நினைத்தேனா?

"இன்னா?" என்றார் பாய்.

"இது ஆனை இல்லை."

சாம்பிராணி வாசனை. வெளுத்த நிறம். ஒரு கறுப்புப் புள்ளி கிடையாது. ஓட்டையில் நான் கட்டிய சிவப்பு நூல் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. கையில் வைத்துக்கொண்டு சொன்னேன்: "அஞ்சுல நாலாவதா வந்த லோடும்மா. இது ஒண்ணு மட்டும் வேற பலகை. அப்பவே தெரியும். அதான் நூல் கட்டினேன்."

"தெரிஞ்சும் ஏன் ஆனைக் கம்பியில கோத்தீங்க? இவ்ளோ நேரம் ஒரே பலகைன்னு சொன்னீங்களே?"

ஆபீஸே என்னைப் பார்த்தது. பாயிடம் அன்றைக்கு என்ன பெருமை பேசினேன்! கம்பில தப்பாக் கோக்க மாட்டேனாம்!

"சோம்பேறித்தனம்மா" என்றேன். "ஒரே ஒரு துண்டுக்கு எதுக்குப் புதுக் கம்பி, இன்னொண்ணு வந்தா சேத்துக் கோத்துக்கலாம்னு விட்டுட்டேன். பதினாலு வருசத்துல இது ஒண்ணுதான் தப்பு. இதுவும் என் தப்புதான், பாயோடது இல்லை."

அந்த அம்மா பேனாவை மூடினார். முதல் தடவையாகச் சிரித்தார்.

"ஐயா, உங்க மூக்கை வச்சு நான் ஆர்டர் போட முடியாது. லேப்ல எந்த மரத்தோட நாருன்னு சொல்லணும். ஆனா உங்க முதலாளியைக் காப்பாத்த வந்தவரா இருந்தா அஞ்சையும் தனியா வச்சிருப்பீங்க. எதையோ மறைக்க வந்தவரா இருந்தா இதைச் சொல்லியே இருக்க மாட்டீங்க."

கம்பி மூன்றையும் சீல் போட்டு வாங்கிக்கொண்டார். ரசீதில் கைநாட்டு வைத்தேன். மை இன்னும் போகவில்லை. போக வேண்டாம்.

16 ஜூலை

கன்டெய்னர் யார்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். ஹெல்மெட் போட்டுவிட்டார்கள், பச்சை நிறம். நிற்கும் இரண்டு கன்டெய்னரையும் திறந்தார்கள். இரண்டிலும் படகு ஸ்டிக்கர். முதலாவதில் துண்டு நனைத்தேன். மோர். பாய் கண்ணை மூடிக்கொண்டார். இரண்டாவதில் நனைத்தேன்.

சாம்பிராணி!

கத்திவிட்டேன். யார்டில் கிரேன்காரன் இறங்கி வந்து பார்த்தான், யாருக்கோ அடிபட்டுவிட்டது என்று. உலகநாதன் துண்டைப் பிடுங்கி முகர்ந்தார். "எனக்கு ஒண்ணும் தெரியலையே" என்றார். "பதினாலு வருசம் மோந்து பாருங்க, தெரியும்" என்றேன். பாய் சிரித்தார். எங்கள் வீட்டில் சிரித்ததற்கு அப்புறம் இதுதான் முதல் சிரிப்பு.

அந்த அம்மா இரண்டிலிருந்தும் துண்டு அறுத்து, என் துண்டுகளோடு லேபுக்கு அனுப்பிவிட்டார்.

27 ஜூலை

பதில் இல்லை.

3 ஆகஸ்ட்

பதில் இல்லை. ஆடிப்பெருக்கு. வேண்டா சித்ரான்னம் செய்தாள். புளியோதரையில் எனக்கு மோர் வாசனை அடிக்கிறது.

7 ஆகஸ்ட், வெள்ளி

லேப் ரிப்போர்ட் வந்துவிட்டது! வந்துவிட்டது!

உலகநாதன் போனில் படித்தார், பாய் ஸ்பீக்கரில் போட்டார். நான் மோர் என்றதெல்லாம் ரப்பர் மரம். நான் சாம்பிராணி என்ற இரண்டும் பைன் மரம். ஒன்றுகூட மாறவில்லை. குடோன் ஆட்கள் என்னைத் தூக்கப் பார்த்தார்கள். இடுப்பு போய்விடும், விடுங்கடா என்றேன்.

பைன் கன்டெய்னரை விட்டுவிடுவார்களாம். மற்றதற்கும், ஏற்கெனவே வந்த நாலு லோடுக்கும் பாய் மேல்டூட்டியும் வட்டியும் கட்ட வேண்டும். தானே வந்து சொன்னதால் லைசென்சுக்கு ஒன்றும் இல்லை என்றார் உலகநாதன். "அந்த சிவப்பு நூல் இல்லைன்னா அஞ்சுக்கும் கட்டியிருக்கணும் பாய்."

"தனிக் கம்பி போட்டிருந்தா நூலே தேவைப்பட்டிருக்காது" என்றார் பாய், என் காதைப் பிடித்து.

அப்புறம் வெளிநாட்டு ஏஜென்டுக்குப் போன் போட்டார். அரை மணி நேரம். பாய்க்கு இவ்வளவு கெட்ட வார்த்தை தெரியும் என்று எனக்குத் தெரியாது. வேண்டா அதை எழுத மாட்டேன் என்றுவிட்டாள்.

14 ஆகஸ்ட்

மற்ற கன்டெய்னருக்கும் மேல்டூட்டி கட்டி எடுத்துவிட்டோம். நாவலூர் பலகை போய்ச் சேர்ந்தது. ஒரு நாள் முன்னாடியே!

21 செப்டம்பர், திங்கள்

ரம்ஜான். பாய் வூட்டிலிருந்து எப்போதும் போல அண்டாவில் பிரியாணி வந்தது. இந்த வருடம் நானும் வேண்டாவும் நேரிலேயே போனோம்.

டூட்டி கட்டுவதற்குத் திருவிடந்தை மனையைப் பாய் விற்றுவிட்டார். கடலைப் பார்த்து வூடு கட்ட வேண்டும் என்று அவர் சம்சாரம் சம்சாத் பேகம் டைல்ஸ்கூடத் தேர்ந்தெடுத்து வைத்திருந்தார்கள். எப்படி முகத்தைப் பார்ப்பது என்று நினைத்துக்கொண்டே போனேன்.

"அண்ணே, சாப்பிடுங்க, ஏன் தலையைக் குனிஞ்சுகினே கீறீங்க?" என்றார்கள் சம்சாத் பேகம். "கடல் எங்க போய்டப் போவுது? உங்க கம்பி போயிருந்தாத்தான் கஷ்டம்."

வேண்டா அழுதுவிட்டாள். நான் பிரியாணி காரம் என்றேன்.

6 நவம்பர்

நேற்று புது ஏஜென்ட், புது லோடு. ஸ்டிக்கரில் மரம் மாதிரி ஒரு படம். லாரியின் கதவைத் திறந்ததும் ஆட்கள் ஏறப் போனார்கள். பாய், "நில்லுங்கடா. மொதல்ல அண்ணாத்த ஒரு துண்டு நனைக்கட்டும், பில்லுல இன்னா போட்டு கீதுன்னு அப்புறம் படிக்கறேன்" என்றார். இன்று காலை வரை லாரி நின்றது. டிரைவர் என்னைத் திட்டினான். திட்டட்டும். ரிப்போர்ட் சொன்னேன், பாய் பில்லைப் படித்தார். சரியாக இருந்தது. இறக்கினோம்.

30 டிசம்பர் 2009, புதன்

இந்த டைரியில் இன்னும் ஒரே ஒரு பக்கம்தான் இருக்கிறது என்கிறாள் வேண்டா. போதும்.

கம்பிகள் திரும்பி வந்துவிட்டன. கேஸ் முடிந்ததாம். ஒவ்வொரு துண்டிலும் கஸ்டம்ஸ்காரர்கள் ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறார்கள், நம்பரோடு. என் நோட்டுக்கு சர்க்கார் பக்க நம்பர் போட்டுக் கொடுத்த மாதிரி. மூன்று கம்பியையும் விரலால் தடவிக்கொண்டே போனேன். வரிசை மாறவில்லை. படகு என்று வந்தவற்றில் நாலாவது இருந்த இடம் மட்டும் காலி. அந்தத் துண்டு தனிக் கவரில் வந்திருந்தது. லேபில் பாதி அறுத்துவிட்டார்கள். மிச்சம் நாலு விரற்கடை. சிவப்பு நூல் அதிலேயே இருந்தது.

ஆனைக் கம்பிகளைப் பழைய ஆணிகளில் மாட்டினேன். திரும்பினால் பாய் ஸ்டூலில் ஏறி நிற்கிறார். வாயில் ஒரு ஆணி, கையில் சுத்தி. இந்த வயதில்! கிளிக்கும் நட்சத்திரத்துக்கும் நடுவே புதிதாக ஒரு ஆணி அடித்தார். இரண்டு தடவை விரலில் அடித்துக்கொண்டார். கீழே இறங்கி ஒரு புதுக் கம்பியை என் கையில் கொடுத்தார்.



நான் நூலை அவிழ்த்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். அந்த ஒரு துண்டை மட்டும் கோத்து, முடிச்சுப் போட்டு, மாட்டினேன்.